கழுவிய கை

தொட்டியைத் துடைக்கும்போது அவள் பேசமாட்டாள். கண்ணாடி. மூச்சுப் பட்டாலே படிந்துவிடும். ஒன்பது வருடமாகத் துடைக்கிறாள். ஊரில் அவள் பெயரே தொட்டிக்காரி என்றாகிவிட்டது.

தடை செய்யப்பட்ட வித்தை அந்த ஊரில் ஒன்றுதான். நோய்மாற்று. ஒருவர் உடம்பில் இருக்கும் காய்ச்சலைக் கையால் எடுத்து, பொழுது சாய்வதற்குள் இன்னொருவரைத் தொட்டு இறக்கிவிடுவது. எடுக்க முடியும், இறக்க முடியும், அழிக்க முடியாது. வாங்கிக்கொண்டவர் மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல ஒரு நீலக் கோடு விழும். செய்தவர் யார் என்று அந்தக் கோடு சொல்லாது. அதைச் சொல்லத்தான் தொட்டி.

சந்தேகிக்கப்பட்டவர் ஊர்க் கூடத்துக்கு வந்து, ஊர் பார்க்க, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இரண்டு கையையும் விடவேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். வெளுத்தால் பத்து விரலும் ஒடிக்கப்படும். விரல் ஒடிந்தால் வித்தை அவிழ்ந்து, எடுத்த நோய் எடுத்த உடம்புக்கே திரும்பிவிடும். நோயை வீடு சேர்ப்பது என்று சட்டத்தில் எழுதியிருந்தது. செய்தவளே அடுத்தவளைக் கைகாட்டுவதும் உண்டு என்பதால் இன்னொரு விதியும் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெளிந்தால், குற்றம் சொன்னவர் கையை விடவேண்டும்.

ஊர் தொட்டியை நம்பியது. கடன் வாங்கினவன்கூட, "தொட்டிமேல சத்தியமா நாளைக்குத் தர்றேன்" என்றுதான் சொல்வான்.

அவளும் நம்பியிருந்தாள், மூன்று வருடம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள், அவசரத்துக்கு அதன் துணியைக் கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசினாள். வேறு எதற்கும் யாரும் தொடாத கிணறு. ஊருக்கெல்லாம் ஆற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்கவில்லை. வாளித் தண்ணீர் பால்போல் வெளுத்தது. அவள் வாளியைக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி, சோப்புப் போட்ட விரல் ஒன்றை மட்டும் விட்டுப் பார்த்தாள். வெளுத்தது.

தொட்டிக்குப் போகிறவர்கள் காத்திருக்கும் அறையில் ஒரு சோப்புக்கட்டியும் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பது வழக்கம். வைப்பது அவள்தான். ஒரு செம்பில் சோப்பு முழுதாகப் போகாது.

கூடத் தலைவரிடம் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கூடத்தின் கதவைச் சாத்தக்கூடாது என்று சட்டம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லங்கய்யா."

"தொட்டி வர்றதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரே மத்தியானத்துல பதினோரு பேர். கல்லாலயே. அதுல மூணு பேருக்குப் பேச்சே வராத வயசு. இப்போ வருஷத்துக்கு ரெண்டு பேர், மூணு பேர். மத்தவங்க நிம்மதியா தூங்குறாங்க."

"அந்த ரெண்டு மூணு பேர்?"

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன."

அவள் வேலையை விடவில்லை. சோப்பு தீர்ந்தால் புதிது வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். வித்தை செய்தவன் கையைக் கழுவக்கூட நினைவில்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தப்புச் செய்யாதவர்கள்தான் அழுத்தித் தேய்த்தார்கள். ஆறு வருடத்தில் பதினான்கு பேர்.

போன வாரம் தையல்காரியின் நாலு வயதுப் பெண்குழந்தை இறந்தது. மணிக்கட்டில் நீலக் கோடு. தையல்காரி கைகாட்டியது மருத்துவச்சியை. மருத்துவச்சி தொட்டிக்காரியின் தங்கை.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம் தங்கை அக்காள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் அக்காளின் ஆறு வயது மகள் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். பத்து நாளைக்கு முன்னால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தவள்.

"செஞ்சியா?" என்றாள் அக்கா.

"உன் பொண்ணு பதினோரு நாள் கண்ணைத் திறக்கல. நீ என்னைப் பார்த்து என்ன சொன்ன?"

"ஏதாவது பண்ணுன்னேன்."

"பண்ணேன்."

"அந்தக் குழந்தை மேலயா?"

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில ஒரு கிழவர் இன்னைக்கோ நாளைக்கோன்னு கிடந்தார். அவர்கிட்டதான் போய்க்கிட்டிருந்தேன். தையல்காரி வீட்டைத் தாண்டும்போது அது ஓடி வந்துச்சு. அதுக்கு நான்தானே பிரசவம் பார்த்தேன், என்னைப் பார்த்தா விடாது. வந்து கையைப் பிடிச்சுக்கிச்சு."

"உதறியிருக்கலாம்ல."

"பிடிச்ச உடனே இறங்கிடுச்சுக்கா. அப்புறம் உதறி என்ன." வெங்காயத் தோலை ஒன்று சேர்த்தாள். "இறங்கினதுக்கப்புறமும் அது விடல. கடைசி வீடு வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்துச்சு. ஏதோ பாட்டு பாடிக்கிட்டு."

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். தங்கையின் விரல் ஒடிந்தால் காய்ச்சல் எங்கே வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா சோப்பைப் பற்றிச் சொன்னாள். நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

தங்கை வெங்காயத் தோலிலிருந்து நிமிர்ந்தாள். "போன வருஷம் ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு வெளுத்துச்சே."

"சோப்பு."

"அவர் கையை நான்தான் கட்டினேன். அழுதுக்கிட்டே என்னைச் சமாதானப்படுத்தினார் மனுஷன். நீ பக்கத்துல நின்னு துணி கிழிச்சுக் குடுத்த."

"ஆமா."

"தெரிஞ்சுகிட்டே."

"நாளைக்குச் சோப்பைத் தொடாத. சாம்பல் வெச்சிருக்கேன், அதுல தேய்ச்சுக்கோ."

"பிரசவம் பார்க்குற கையைச் சாம்பல்ல தேய்க்கச் சொல்ற. உனக்கு வெட்கமா இல்லையா?" என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் காலை தலைவர் சீக்கிரமே வந்துவிட்டார். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தங்கச்சிக்கு நீ என்ன செய்யப்போறேன்னு நான் கேட்கல."

அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் நினைச்சுக்கோ. அந்தக் குழந்தை கையில கோடு இருந்ததை ஊரே பார்த்திருக்கு. யாருக்காவது வெளுத்தாகணும். ரெண்டு பேருக்கும் தெளிஞ்சா, இந்த மாசம் யாருக்குக் காய்ச்சல் விட்டுச்சுன்னு வீடு வீடா கேட்க ஆரம்பிப்பாங்க." அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பொண்ணு எப்படி இருக்கா? நேத்து தெருவுல விளையாடிக்கிட்டிருந்தா, பார்த்தேன்."

பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது. கதவு இரண்டும் திறந்திருந்தது. ஜன்னலில் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். விரல் ஒடிக்கிறவன் ஓர் ஓரத்தில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி கைக்கு அக்கா தண்ணி," என்றான் ஒருவன். "நல்ல சம்பந்தம்."

"தண்ணிக்கு என்னடா தெரியும் சம்பந்தமும் சாமானும்? அது பாட்டுக்குச் சொல்லும்," என்றாள் ஒரு கிழவி. அவள் மகனுக்கு நாலு வருடத்துக்கு முன் வெளுத்திருந்தது. அன்றிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக்கூட அவள் கூப்பிட்டதில்லை.

தொட்டிக்காரி எல்லார் கண் முன்னாலும் கிணற்றில் இறைத்து நிரப்பினாள். தங்கை வந்தாள். கை சாம்பலில் சொரசொரவென்றிருந்தது. முழங்கைவரை விட்டாள். நூறு எண்ணும்வரை அப்படியே இருக்கவேண்டும்; கூட்டம்தான் எண்ணும். எண்ணினார்கள். அடியில் கொஞ்சம் கறுப்பாகப் படிந்தது. அதன்மேல் தண்ணீர் தெளிந்து நின்றது.

"தெளிவு," என்றார் தலைவர்.

கூடம் தையல்காரி பக்கம் திரும்பியது.

ஒடிசலான பெண். முப்பது இருக்கும். அவளுக்கு விதி தெரியும். பயந்தவளாகத் தெரியவில்லை. எழுந்து மருத்துவச்சியிடம் வந்தாள்.

"நீ இல்லையா அப்போ," என்றாள். "நீதான்னு நினைச்சேன். பாப்பா உன்கூட நடந்து போனதைப் பார்த்தேன், அதனால சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத."

தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய தண்ணீரைக் கொட்டி, தொட்டியைத் துடைத்து, மறுபடி நிரப்பினாள் தொட்டிக்காரி. தையல்காரி முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினவள் பாதியில் நிறுத்தினாள். உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் மண். காலையில் மகளின் குழிமேட்டில் செடி நட்டுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"இந்தக் கையோட எப்படிக்கா விடறது? தொட்டி அழுக்காயிடும். கழுவிட்டு வந்துடறேன்."

அப்படியே விட்டால் அவளுக்கும் தெளியும். கொஞ்சம் மண் அடியில் படியும், அவ்வளவுதான். பரவாயில்லம்மா, சும்மா விடு என்று சொன்னால் போதும். மூன்று வார்த்தை.

தொட்டிக்காரி தலைவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தாள். தங்கை மெதுவாக, கழுவவிடாதே என்று தலையசைத்தாள். இடமும் வலமும், ஒரே ஒருமுறை.

"வாம்மா," என்றாள் தொட்டிக்காரி.

காத்திருக்கும் அறையில் அவளே சோப்பை எடுத்துக் கொடுத்தாள். தையல்காரி நிதானமாகத் தேய்த்தாள், விரல் விரலாக, நகக்கண்வரை. தொட்டிக்காரி செம்பைச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் போனதும் நிமிர்த்திக்கொண்டாள்.

"போதுமாக்கா?"

"போதும்."

பன்னிரண்டு எண்ணுவதற்குள் வெளுத்துவிட்டது. விரல்களைச் சுற்றித்தான் முதலில் வந்தது, புகைபோல. பிறகு விரல் தெரியவில்லை.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கோபம்கூட இல்லை அதில். அப்பாடா என்பது போலத்தான் இருந்தது. தையல்காரி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. கட்டைமேல் கையை வைக்கச் சொன்னபோது வைத்தாள். ஏழாவது விரல்வரை சத்தம் வரவில்லை.

கட்டுப் போட மருத்துவச்சியைத்தான் அழைத்தார்கள். கம்பவுண்டருக்கு விரல் போனபின் ஊரில் வேறு ஆள் இல்லை. மூங்கில் பட்டை வைத்து ஒவ்வொரு விரலாகக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமலே கொல்லைப் பக்கமாகப் போய்விட்டாள். அதன்பின் அவள் அக்காள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அடுத்த பக்கம் போனாள்.

விரல் ஒடிந்த அன்று யார் வீட்டிலாவது காய்ச்சல் திரும்புகிறதா என்று ஊர் பார்த்தது. திரும்பவில்லை. வெளியூர்க்காரன் யாருடையதாவது இருக்கும் என்றார்கள். பெற்ற பிள்ளைமேலேயே இறக்கியவள், வெளியூர்க்காரனிடம் காசு வாங்கியிருக்க மாட்டாளா என்றார்கள். இரண்டு நாளில் அதுவும் அடங்கிவிட்டது.

பதினைந்தாம் நாள் காலை தையல்காரி தொட்டிக்காரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தாழ்ப்பாளைத் தட்ட முடியாமல் காலால் கதவை மெதுவாக இடித்திருக்கிறாள். ரவிக்கைக் கொக்கி இரண்டு போடாமல் கிடந்தது.

தொட்டிக்காரி கொக்கியை மாட்டிவிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்க்கா. நீதானே தொட்டி கூடவே இருக்க, உனக்குத்தான் தெரியும்." தையல்காரி கட்டுப் போட்ட கைகளை மார்போடு வைத்திருந்தாள். "செய்யுறவங்களுக்கே தெரியாம செஞ்சிட முடியுமா? நான் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். எப்போ செஞ்சேன்னே வரமாட்டேங்குது. அன்னைக்குக் காலையில தலை வாரிவிட்டேன். சாப்பாடு ஊட்டினேன். அதுலதானா?"

தொட்டிக்காரி அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.

"தொட்டி பொய் சொல்லாது. நான்தான்."

அது கேள்விபோலவும் இருந்தது.

"தொட்டி காட்டுச்சுல்ல," என்றாள் தொட்டிக்காரி.

"ஆமா." தையல்காரி தலையாட்டினாள். ஏதோ ஒன்று முடிந்ததுபோல. "யார்கிட்டேர்ந்து எடுத்தேன்னாவது தெரிஞ்சா பரவாயில்ல. அவங்க நல்லா இருக்காங்களான்னு ஒரு தடவை தூரத்துலேர்ந்து பார்த்துட்டு வந்துடுவேன்."

அப்போது மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தையல்காரியின் முகம் வலியில் சுருங்கியது.

"விடுடி. அவங்களுக்கு வலிக்கும்."

"இருக்கட்டும்க்கா," என்றாள் தையல்காரி. "பிடிச்சுக்கட்டும்."

தெருவில் இறங்கி நடந்தாள். மகள் கையை விடாமல் கூடவே போனாள். கடைசி வீட்டுக்கு இன்னும் ஒன்பது வீடு இருந்தது. தொட்டிக்காரி வாசலிலேயே நின்றாள். கூப்பிட வாயெடுத்தாள்.