பதினொரு கிணறும் மூன்று கையெழுத்தும்

1.

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. போனில் வந்தது. திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் 'நாளைய ஆராய்ச்சித் தலைவர்கள்' என்று ஓர் அரசுத் திட்டம் நடக்கிறது: முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை, கொஞ்சம் பயிற்சி, நிறைய ஃபிளெக்ஸ் பேனர். அதன் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் ஆதிமூலம் ஒரு மலர் வெளியிடுகிறார்.

"உதவித்தொகை வாங்குற பொண்ணு ஒண்ணைப் பத்தி நாலு பக்கம் கதை வேணும் சார். கடைசியில அவ தலைவராயிடணும்" என்றார் போனில். எப்படி ஆவாள் என்பதை மட்டும் என் கற்பனைக்கு விட்டிருந்தார். பெருந்தன்மை.

2.

முதல் தொடக்கம்:

'கதிரவன் அண்ணாமலையின் உச்சியைத் தொட்டபோது, ஓர் ஏழை விவசாயியின் மகள் கண்களில் கனவோடு—'

இதைத் தேவிப்ரியாவிடமே படித்துக் காட்டினேன். அவள்தான் அந்தப் பெண். மலை சுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலைதான் ஊர்.

"அந்த நேரத்துல கண்ணுல தூக்கம்தாங்க சார் இருக்கும்" என்றாள். "அப்புறம், எங்கப்பாவை ஏழைனு எழுதாதீங்க. சண்டைக்கு வந்துடுவாரு."

இரண்டாம் தொடக்கம்:

'சண்டைக்கு வரக்கூடிய விவசாயி ஒருவரின்—'

வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அவர்கள் போன பிறகு நிலத்தடி நீர் என்னவாகிறது? அதுதான் அவள் ஆராய்ச்சி. பாதையோரம் பதினொரு கிணறுகள். பௌர்ணமியன்று காலை ஆறு மணியிலிருந்து வரிசையாகத் தண்ணீர் எடுப்பாள். மூன்றாம் நாள் அதே நேரத்தில் மறுபடி. இருபத்து மூன்று மாதம், ஒன்றுகூட விடாமல்.

ஒருத்தி ஒரே கிணற்றுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் குனிந்து பார்ப்பதற்கு ஓர் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. எனக்கு அது மலைப்பாகவே இருக்கிறது. (இது கேலி இல்லை. கேலி வரும்போது நானே சொல்கிறேன்.)

3.

கேலி வருகிறது.

உதவித்தொகை தொடர வேண்டுமானால் வல்லுநர் குழு முன்னால் நேரில் விளக்கம் தர வேண்டும். குழுவிலுள்ள மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நின்றுவிடும், கிணறுகளும் நின்றுவிடும்.

திருவண்ணாமலைக்கு வரும் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேதி கேட்டால் காலண்டரில் பௌர்ணமியைத் தேடுவார்கள். காலையில் மதிப்பாய்வு, சாயங்காலம் கிரிவலம், இரண்டுக்கும் ஒரே பயணப்படி.* இந்த முறையும் அப்படியே: பௌர்ணமி, காலை பத்து மணி, கருத்தரங்கக் கூடம்.

(* புண்ணியத்துக்குத் தனிப் படி கிடையாது. விசாரித்துவிட்டேன்.)

அவளுடைய இருபத்து நான்காவது பௌர்ணமி. பத்து மணிக்கு அவள் ஏழாவது கிணற்றில் இருப்பாள்.

"யாரையாவது அனுப்பி எடுத்துனு வரச் சொல்லும்மா. தண்ணிதானே" என்றார் ஆதிமூலம்.

"நீங்களும் யாரையாவது அனுப்பிக் கேக்கச் சொல்லுங்க சார். கேள்விதானே" என்றாள் தேவிப்ரியா.

மன்னிக்கவும். அந்தப் பதில் நான் எழுதியது. அவள் சொன்னது "சரிங்க சார்". அதற்காக அவளைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இவளிடம் தலைவருக்குரிய வீரம் எங்கே? மேசையைத் தட்ட வேண்டாமா?

4.

மேசையைத் தட்டவில்லை. பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம், செங்கம் ரோட்டில் குழு தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

குழுத் தலைவர் பேராசிரியர் இராமலிங்கம் திறந்தார்.

"சார், எப்படியும் மலை சுத்தப் போறீங்க. சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா வெயில் கம்மி. வழியில என் கெணறு பதினொண்ணு இருக்கு. நடந்துனே சொல்லிடறேன்."

இராமலிங்கம் யோசித்தார். அறிவியல் முறைகளைப் பற்றி யோசித்தார் என்று எழுத ஆசை. அவர் யோசித்தது வெறுங்காலையும் தார் ரோட்டையும்.

"ஆறா, அஞ்சரையாம்மா?" என்றார்.

5.

நானும் பின்னாலேயே போனேன். மூன்று வல்லுநர்களும் செருப்பில்லாமல் நடந்தார்கள். இராமலிங்கம் முதல் கிணறு வரை தம் வெளிநாட்டுப் பயணங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் மூச்சு போதவில்லை, கேட்க ஆரம்பித்தார். ஆய்வாளர் வினோதினி புட்டிகளில் எண் ஒட்டினார். மூன்றாமவர், தலைமைச் செயலகத்திலிருந்து வந்த முருகையன், விதி தெரிந்தவர். யாரும் கேட்காமலே ஐஸ் பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டார்.

எட்டாவது கிணற்றில் தேவிப்ரியா சொன்னாள்: "இதுல மட்டும் மூணாம் நாள் கிருமி வருதுங்க. அடுத்த பௌர்ணமிக்குப் பாத்தா போயிருக்குது. பக்கத்துல தற்காலிகக் கழிப்பறை போடறாங்க. அதை நூறடி தள்ளினா போதும்னு நெனைக்கிறேன். ரெண்டு வருஷக் கணக்கு முழுசா இருந்தா நம்புவாங்க. அப்புறம் தள்ளி வெச்சுட்டு இன்னொரு வருஷம் பாக்கணும்."

"இதை யாரும்மா குடிக்கிறாங்க?" என்றார் முருகையன்.

"நாங்கதாங்க சார்."

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஒன்பதாவதற்கு நடந்தாள். மூன்று பேரும் அவள் பின்னால் போனார்கள்.

(ஆதிமூலம் கேட்ட முடிவு இதுதான். அந்த நேரத்தில் அவர் கூடத்தில் குத்துவிளக்கோடும் ஆறு பொன்னாடைகளோடும் காத்திருந்தார்.)

6.

மத்தியானம் படிவம் வந்தது. இராமலிங்கம் கையெழுத்திட்டார், வினோதினியும் இட்டார். முருகையன் பேனாவை மூடினார்.

"'இடம்: கருத்தரங்கக் கூடம்'னு அச்சடிச்சிருக்கு. நான் பாத்தது எட்டாவது கெணத்தாண்ட. அடிச்சுட்டு அதை எழுதுங்க, போடறேன்."

"மேலிடத்துப் படிவம் சார். அடிச்சா திரும்பி வந்துடும்" என்றார் ஆதிமூலம்.

"பொய்க்குக் கையெழுத்து போட மாட்டேன்."

இருவரையும் என்னால் திட்ட முடியவில்லை. அதுதான் சிக்கல்.

முடிவு அ: முருகையன் பெருமூச்சு விட்டுப் பொய்யில் கையெழுத்திடுகிறார். (அவர் தூக்கி வந்த ஐஸ் பெட்டிக்கு இது அவமானம்.)

முடிவு ஆ: ஆதிமூலம் துணிந்து அந்த வரியை அடிக்கிறார். (அவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.)

முடிவு இ: தெளிவுரை கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் போகிறது. பதில் வருவதற்குள்—

இல்லை. முடிக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. இது பொதுப் பணம். நேற்று நீங்கள் சோப்பு வாங்கினீர்கள், பிஸ்கட் வாங்கினீர்கள். அதற்கு நீங்கள் கட்டிய வரிப்பணத்தில் ஒரு துளி அவள் புட்டிகளுக்குப் போயிருக்கிறது. ஆகவே அந்தக் குழுவின் நான்காவது உறுப்பினர் நீங்கள்தான். மலரில் இந்தப் பக்கத்தின் அடியில் படிவத்தை அப்படியே அச்சிடச் சொல்லியிருக்கிறேன்:

இடம்: கருத்தரங்கக் கூடம் / ....................

எதை அடிப்பது, எதை எழுதுவது என்பது உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள். மூன்றாம் நாள் விடிந்துவிட்டது. யார் கையெழுத்துக்கும் காத்திராமல் அவள் தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிட்டாள்.