தவளை நாளின் சோதனை ஓட்டம்

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் அட்டைப்பெட்டியை வட்ட வட்டமாக வெட்டுவதை முதலில் பார்த்தது நான்தான். வேவு பார்க்கவில்லை. வாசற்கதவில் கண்ணாடித் துளை வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பார்க்காமல் விட்டால் கட்டியவர் மனம் நோகாதா? அவர் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளை, தரையில் மண்டியிட்டு, வட்டங்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி பிரிந்துபோய் ஒன்றரை வருடம் ஆகிறது. எட்டு வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பாவிடம் வருவாள், வந்தவள் பதினொரு மணிக்கே "அம்மா எப்ப வருவாங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் தொண்டை அப்படி.

போன தடவை மகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்காரி படிக்கட்டில் நின்று சொன்னாள்: "ஒரே ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என்னைக் கேக்காம அவ இங்க இருந்துட்டான்னு வைங்க, லீவுல ஒரு வாரம் அனுப்பறேன். அழவெச்சு அனுப்ப எனக்கு மனசில்ல." நியாயமாகத்தான் பேசினாள். அந்த நேரம் நான் குப்பைக்கூடையோடு வெளியே வந்திருந்தேன். கூடை காலியாக இருந்தது வேறு விஷயம்.

பிறகு ஒருநாள் மகள் போனில் பேசும்போது, பள்ளிக்கூடக் குழாயடியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் சொன்னாள். மனுஷன் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். அவள் வரும் அடுத்த ஞாயிறு முழுக்கத் தவளை என்று திட்டம். காகிதத்தில் தவளை மடிப்பது, அட்டைத் தாமரை இலைகளில் கணக்குச் சொல்லிக்கொண்டே தாவுவது, சீப்பை நகத்தால் உரசித் தவளைக் குரல் எழுப்புவது, முட்டையிலிருந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டையிலிருந்து தவளை என்று மணிகளை ஒட்டிப் படம் செய்வது, ஒட்டுநாடா சுற்றிய குச்சியை நாக்காக நீட்டிக் காகித ஈ பிடிப்பது, கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு திராட்சை விழுங்குவது. தவளை இரையை விழுங்கும்போது கண்கள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தள்ளிவிடுமாம். எங்கேயோ படித்திருக்கிறார். லிஃப்ட் சர்வீஸ் செய்யும் படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு, வேலை, தொடக்கம், முடிவு, குறிப்பு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் படிவத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கு உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?"

எனக்கு என்ன வேலை! இருந்தாலும் உடனே சொன்னால் மரியாதை கெட்டுவிடும். "கொஞ்சம் இருக்கு. ஏன் தம்பி?"

"லிஃப்டுல ஆள ஏத்தறதுக்கு முன்னாடி எடை வெச்சு ஓட்டிப் பாப்போம்க்கா. காலி லிஃப்ட் எப்பவும் நல்லாத்தான் ஓடும். எடை ஏறினாத்தான் வண்டவாளம் தெரியும். நான் தனியா பண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. ஆனா ஆள் வேணும்."

"அப்ப நான்தான் மணல் மூட்டையா?"

"ஐயய்யோ, இல்லக்கா. நீங்க குழந்தை."

ஐம்பத்தெட்டு வயதில் என்னைக் குழந்தை என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தது. போகாமல் இருப்பேனா?

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போனேன். காகிதத் தவளைக்கு நாற்பது நிமிடம். தாமரை இலைகள் ஏழு. ஒவ்வோர் இலையிலும் ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டி எந்த வருடம் எந்தப் படியில் மடங்கியது என்ற கதையையும் சொல்லி முடித்தேன். "ரெண்டும் அஞ்சும் எவ்வளவுக்கா?" என்றால், "இரு தம்பி, அவசரப்படுத்தாத," என்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் படிவத்தில் எழுதினார். திராட்சை விழுங்கும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். "அக்கா, ஏமாத்தறீங்க," என்று சிரித்தார். அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன். என் வீட்டுக் கணக்கை எடுக்கவில்லை.

முடிந்தபோது மணி ஐந்தே முக்கால்.

"கச்சிதம்க்கா! ஒன்பதுலேர்ந்து ஆறு. அளவெடுத்த மாதிரி இருக்கு." படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, என்னிடமும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு மகள் வந்தாள். தாமரை இலைகள் வரவேற்பறையில் தொடங்கி நடைபாதை வரை போடப்பட்டிருந்ததால் கதவு திறந்தே இருந்தது. ஆகவே எல்லாம் தெரிந்தது. காகிதத் தவளை நான்கு நிமிடம். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். ஏழு இலைகளையும் ஒரே மூச்சில் தாவி, ஏழு கணக்குக்கும் விடை சொல்லி, திரும்பவும் தாவி வீட்டுக்குள் போய்விட்டாள். ஈக்கள் அத்தனையும் ஒரே வீச்சில் நாக்கில் ஒட்டிக்கொண்டன. சீப்பை மட்டும் கொஞ்ச நேரம் உரசினாள். சாயங்காலத்துக்கு வைத்திருந்த திராட்சையைக் கண்ணை மூடி விழுங்கி முடித்தபோது மணி பத்து ஐந்து.

"அடுத்து என்னப்பா?"

அவர் படிவத்தைத் திருப்பினார். மறுபக்கத்தில் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் போட்ட விவரம்தான் இருந்தது.

"அடுத்து... திரும்ப ஒரு தடவை தாவலாமா குட்டி?"

"தாவியாச்சேப்பா."

"அப்ப டிவி?"

"வீட்லயே பாப்பேனே."

கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை. காலிக்கூடையோடு வெளியே வந்தேன். மகள் வாசற்படியில் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அத்தை, நேத்து இதெல்லாம் விளையாட உங்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சாமே? அப்பா சொன்னாரு. நிஜமாவா?"

"எனக்கு முட்டி வலிடி ராசாத்தி."

"முட்டி வலிச்சா கூட்டல் கணக்கும் வராதா?"

தாய் மாதிரியே பேச்சு. அவர் உள்ளேயிருந்து, "குட்டி, பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக்கூடாது," என்றார். குரலில் சுரத்தே இல்லை. பதினொன்று இருபதுக்கு அவள் கேட்டுவிட்டாள்: "அம்மாவுக்கு ஒரு போன் போடலாமாப்பா?"

பன்னிரண்டுக்கு அம்மாக்காரி வந்தாள். படிக்கட்டில் நின்று அவரை ஏதும் குத்திப் பேசவில்லை. தரையில் கிடந்த பச்சை இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த லீவுக்கு வேணாம். அப்புறம் பாக்கலாம்," என்றாள். அவர் தலையாட்டினார். மகள் போகும்போது சீப்பைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் பார்த்தாரா தெரியாது.

சாயங்காலம் படிவத்தோடு வந்தார்.

"எங்க தப்பு நடந்துதுன்னே புரியலக்கா. நேரமெல்லாம் சரியா எழுதியிருக்கேன். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க வேகம் தம்பி. நம்மள மாதிரியா?"

சொல்லியிருக்க வேண்டும். என் முட்டி வலிதான், பொய்யில்லை. ஆனால் காகிதத் தவளையை நான் மூன்று தடவை தெரிந்தேதான் தப்பாக மடித்தேன். இரண்டும் ஐந்தும் ஏழு என்பது எனக்குத் தெரியாதா? சீக்கிரம் முடித்தால் எழுந்து வீட்டுக்கு வர வேண்டும். வந்தால் சாப்பாட்டு மேசையும், கணவர் போனபின் யாரும் இழுத்துப் போடாத நாற்காலியும், கதவுத் துளையும்தான். ஒரு மணி நேர விளையாட்டை ஒரு நாளாக இழுத்தது நான். அந்த இழுவையை நம்பித்தான் அவர் ஒரு வாரத்தை இழந்தார். ஊர் வம்பெல்லாம் சரளமாக வரும் இந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அக்கா, நேத்து போன்ல சீப்பை உரசிக் காட்டினா! தவளையையே வெச்சுக்கலாம். ஆனா இருபத்திரண்டு வேலை எழுதியிருக்கேன். நாளைக்கு வர்றீங்களா?" கொஞ்சம் தயங்கினார். "இந்தத் தடவை கொஞ்சம் வேகமா பண்ணணும்க்கா. அவள மாதிரி."

போனேன். முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு போனேன். கதை சொல்லவில்லை. கேட்ட கணக்குக்கு அவர் வாயை மூடுமுன் விடை சொன்னேன். தாமரை இலைகளில் தாவினேன் என்றால் நம்பமாட்டீர்கள், தாவினேன். அவர் கடிகாரத்தோடு கூடவே ஓடி வந்தார். தண்ணீர் வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன்.

இருபத்திரண்டும் முடிந்தபோது மணி பன்னிரண்டரை.

"நல்லவேளை இன்னிக்கே தெரிஞ்சுது!" என்று படிவத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சரை மணி நேரத்துக்கு வேணும்க்கா. நான் உக்காந்து யோசிக்கறேன். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். துளை வழியாகப் பார்த்தேன். அவர் மண்டியிட்டு அடுத்த அட்டையை வெட்டத் தொடங்கியிருந்தார். நான் மேசையருகே உட்கார்ந்து முட்டியின் துணியை அவிழ்த்தேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.