பெட்டிக்குக் கால் வரைந்தவள்

வரப்பின் மேல் நடந்து வருவது உபைத் மச்சான்தான் என்று ஃபாயிசாவுக்கு உடனே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் வரைந்துகொண்டிருக்கும் மனிதர். ஒரு சதுரம், இரண்டு குச்சிக் கால்கள், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டுகூட வரைந்துவிடுவாள். ஆனால் உப்பளத்து வெள்ளை வெயிலில், வலது காலை லேசாக இழுத்தபடி, கீழே பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தவரை யாரோ லாரிக்காரர் தண்ணீர் கேட்க வருகிறார் என்றே நினைத்தாள். அவர் ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் அக்கா புருஷன் என்று உறைத்தது.

அவர் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், முழங்காலும் கெட்டுப்போயிருந்தது. இப்போது மரக்காணத்தில் சொந்தக்காரர் ஒருவரின் அளத்தில் உப்பு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறார். அத்தா விட்டுப்போன பழைய உப்புக் கிடங்கைத்தான் ஃபாயிசா வீடாகவும் வேலை செய்யும் இடமாகவும் வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் அவர் நிற்கும் அளம் தெரியும். இருந்தும் இந்த நாலு மாதத்தில் அவர் இங்கே வந்ததில்லை. அவளும் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவாள்? சுவரெல்லாம் அவர்.

சுவரெல்லாம் அட்டைப்பெட்டி. கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மார்க்கர் பேனாவால் பெயரும் ஊரும் எழுதி, விமானத்தில் வந்து இறங்குகிற அட்டைப்பெட்டி. அதற்கு இரண்டு கால். தொடரின் பெயர் ‘பொட்டி மாப்பிள்ளை’. பொட்டி மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து கூடத்தில் நிற்பார். பெண்டாட்டி கயிற்றை அவிழ்ப்பாள். உள்ளே சோப்பு இருக்கும், டார்ச் லைட் இருக்கும், பால் பவுடர் இருக்கும். மனுஷன் இருக்கமாட்டார். திரும்பிப் போகும்போது காலிப் பெட்டியாகத்தான் போவார். ஆனால் தூக்கிவிடுகிறவர்களுக்குக் கனக்கும்.

ஃபாயிசா புதுச்சேரியில் ஓவியம் படித்தவள். படித்து முடித்ததும் பத்திரிகைகளுக்கு அரசியல் கார்ட்டூன் அனுப்பிப் பார்த்தாள். தலைவர்களின் மூக்கு அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் காய்கறி வரைந்தாள். இடையஞ்சாவடியில் நாடகம் போடுகிறவர்களுக்கு முகமூடி செய்து கொடுத்தாள். உப்பு வாரும் சத்தத்தைப் பதிவு செய்து, தானே வெட்டிய நிழல் பொம்மைகளை அந்தச் சத்தத்துக்கு ஆட்டிக் காட்டினாள். இதற்கெல்லாம் நடுவில் தன் தொடரை ஜெராக்ஸ் எடுத்து, மடித்துத் தைத்து, குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் வைத்தாள். பிறகு அதை இணையத்தில் போடத் தொடங்கியதும் ஆட்கள் தேடி வந்தார்கள். கூட்டங்களுக்கு அழைத்தவர்கள் போஸ்டரில் அவளை ‘ஆல்டர்நேட்டிவ் கார்ட்டூனிஸ்ட், மல்டி டிசிப்ளினரி ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டார்கள். ஷம்சாத் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “எதையுமே உருப்படியா செய்யலன்றத இங்கிலீஷ்ல எவ்ளோ அழகா சொல்றாங்க பாரு” என்றாள்.

அந்த வாய்தான் தொடருக்கும் வாய். இறால் உரித்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னதைத்தான் ஃபாயிசா வரைந்தாள். புருஷனைப் பெட்டி என்று முதலில் சொன்னதும் அக்காதான். ஊரிலேயே இல்லாத மனுஷனைப் பற்றி இரண்டு சகோதரிகள் சிரித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

இப்போது அது புத்தகமாகப் போகிறது. சென்னையில் பதிப்பகம் நடத்தும் கலைமதி எல்லாவற்றையும் அச்சுக்குத் தயார் செய்துவிட்டு, ஃபாயிசாவின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். போன வாரம் அக்கா வந்து, உட்காராமலே சொன்னாள்.

“புக்கு வேணாம்டி. அவரு அங்க இருந்த வரைக்கும் என்னா வேணா போட்டுக்கோன்னு விட்டேன். இப்ப பக்கத்துல படுக்குறாரு. அந்த பெட்ஷீட் படம் அவரு கண்ணுல படக் கூடாது.”

“அத மட்டும் எடுத்துடறேன் க்கா.”

“புக்குன்னு ஒண்ணு வந்தா ஊரே கொண்டாந்து அவர் கையில குடுக்கும். அப்புறம் போன்ல மிச்சத்தயும் தேடுவாரு. தெரியாதா எனக்கு?”

ஃபாயிசா “யோசிக்கிறேன்” என்றாள். சொன்ன உடனேயே அந்த வார்த்தை அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தில் ஒன்பது கட்டங்கள். வசனம் கிடையாது. விடியற்காலையில் கிணற்றடியில் தனியாக ஒரு பெண் மயில் போட்ட படுக்கை விரிப்பைத் துவைக்கிறாள். கட்டத்துக்குக் கட்டம் வெளிச்சம் மட்டும் ஏறுகிறது. கடைசியில் விரிப்பு கொடியில் கிடக்கிறது. துவைத்துத் துவைத்து மயில் அழிந்துபோயிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் உபைத் மச்சான் லீவில் வந்து போன பிறகு அக்காவுக்கு உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அக்கா அதை அவருக்குச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனுக்கு இதைச் சொன்னால் தூக்கம் போவதைத் தவிர வேறென்ன என்றாள். வரையச் சொல்லியும் அக்கா சொல்லவில்லை. ஃபாயிசாதான் வரைந்தாள். பார்த்தவர்கள் பெண்களின் உழைப்பைப் பற்றிய படம் என்று பாராட்டினார்கள். அக்கா பார்த்தாள், எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதையே சம்மதம் என்று ஃபாயிசா எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் படத்துக்கு நேர் எதிரில்தான் உபைத் மச்சான் நின்றார். மறைக்க நேரமில்லை.

“உக்காருங்க மச்சான்.”

“பெருசா இருக்குது” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. “போன்ல சின்னதா பாத்தது.”

அவர் நாற்காலியை இழுத்து, கெட்ட காலை நீட்டி உட்கார்ந்தார்.

“ரூம்ல எட்டு பேரு. எல்லாரும் பாப்போம். வெள்ளிக்கிழம லீவு, கரெக்டா அன்னிக்குதான் நீ போடுவ. என்ன பொட்டி பாய்னுதான் கூப்புடுவானுங்க. ‘டேய், பொட்டி குளிக்கப் போவுதுடா, நனைஞ்சிட்டா பிரிஞ்சிடும்’னு.” அவர் சிரித்தார்.

“கோவமா மச்சான்?”

“மொதல்ல கோவந்தான். உனக்கு போன் போட்டு கத்தலாம்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, உங்கக்கா எப்ப கேட்டாலும் நல்லாருக்கோம்னுவா. பையன் ஷஃபிக்கு கை உடைஞ்சத உன் படத்துலதான் பாத்தேன். மாடி ஒழுகுனதும் உன் படத்துலதான். நான் ஏதாச்சும் கேட்டா எப்படித் தெரியும்னு கேப்பா. நீ மாட்டிக்குவ, படம் போடுறது நின்னுடும். அப்புறம் வீட்டுல என்னா நடக்குதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?”

வெளியே லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து மயில் படத்துக்கு அருகில் போனார். தொடவில்லை.

“இது நான் வாங்கி அனுப்புனது. அந்த பெட்ஷீட் எங்கன்னு கேட்டதுக்கு யாருக்கோ குடுத்துட்டேன்னா. லீவுல வந்துட்டுப் போயி மூணு மாசம். அதெல்லாம் புரியாத ஆளா நானு?” அவள் பக்கம் திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு உங்கிட்ட கேக்கணும்மா. அப்ப அவ கூட யாரு இருந்தா?”

“என்ன மச்சான்?”

“இதுல யாருமே இல்ல. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டேன். வீட்டுக்குள்ள லைட்டுகூட எரியல.”

“நான் இருந்தேன்” என்றாள் ஃபாயிசா. மறுபடியும் சொன்னாள். “நான்தான் மச்சான் கூட இருந்தேன். ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு வாரம் அங்கயேதான் இருந்தேன். இத துவைச்சதுகூட நான்தான். அக்கா உள்ள படுத்திருந்தா.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அவ தனியா இல்ல.”

“இல்ல மச்சான்.”

“அதயும் போட்டிருக்கலாமேம்மா” என்றார். திட்டுவது போலவே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கி, உட்கார்ந்து குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்த வரப்பிலேயே திரும்பிப் போனார்.

போட்டிருக்கலாம். முதலில் பென்சிலில் வரைந்தபோது அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி துவைக்கிறாள், வாசல்படியில் ஒருத்தி சாய்ந்து படுத்திருக்கிறாள். தங்கையை அழித்துவிட்டு, அக்காவைக் கிணற்றடிக்கு நகர்த்தியது ஃபாயிசாதான். துணை இருந்தால் கட்டம் நிரம்பிவிடுகிறது. தனியாக ஒருத்தி, சுற்றிலும் வெள்ளைத் தாள், அதுதான் அழகு என்று பட்டது. அழித்த இடத்தை ஊதித் தள்ளியது கூட நினைவிருந்தது. பார்க்கிறவர்கள் கலங்க வேண்டும் என்று நினைத்தாள், கலங்கினார்கள். எட்டுப் பேர் படுக்கும் ஒரு அறையில் ஒரு மனுஷன் போன் வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் தாளுக்குள் ஆள் தேடிக்கொண்டிருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அக்காவிடமிருந்து எதை எடுத்தோம் என்பதும் அப்போது தெரியவில்லை. கதையை எடுத்தோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அக்கா சொல்லாமல் காத்த ஒன்றை, அக்காவுக்கே தெரியாமல், யாரிடமிருந்து காத்தாளோ அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். அதை நினைத்த மறுநொடியே இன்னொன்றும் தோன்றியது. அவருக்கு எல்லாம் தெரியும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டால், புத்தகம் வேண்டாம் என்று சொல்லக் காரணமே இருக்காது. எவ்வளவு வேகமாக அது தோன்றியது என்பதைப் பார்த்து அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு புத்தகத்துக்கு வழி செய்துகொள்வாள். ஒன்பது கட்டம் வரைந்த அதே ஆள்தானே இவளும்.

அக்காவிடம் சொல்வதற்கு முன்பே, அன்று சாயங்காலம் கலைமதிக்குப் போன் செய்தாள்.

“புக்கு வேணாம் கலை.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“இல்ல. அக்கா வேணாம்னா.”

“அத போன வாரமே சொன்னாங்க. நீ யோசிக்கிறேன்னு சொன்ன.”

“யோசிச்சிட்டேன்.”

கலைமதி, “உன் பன்னெண்டு வருஷம் ஃபாயிசா” என்றாள். “காலைல போன் பண்ணு. இப்ப நான் எதுவும் காதுல வாங்கல.”

“காலைலயும் இதான் சொல்லுவேன்.”

வைத்த பிறகு, பெரிய காரியம் செய்தது போல ஒன்றும் இல்லை. சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அக்கா உபைத் மச்சானுக்குச் சோறு எடுத்துக்கொண்டு, வழக்கம்போல இங்கே எட்டிப் பார்த்தாள். டிபன் கேரியரைக் கீழே வைப்பதற்குள் ஃபாயிசா சொல்லிவிட்டாள். நின்றபடியே, எதையும் விடாமல், அவர் கேட்ட கேள்வி வரைக்கும். அக்கா பர்தாவின் முகத்துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள்.

“எப்பத்துலேர்ந்து தெரியுமாம்?”

“அப்பவே.”

“தெரிஞ்சிக்கிட்டேவா தெனமும் சாப்டியா தூங்குனியான்னு கேட்டாரு?” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்தினம் அவர் உட்கார்ந்த நாற்காலி. “அழுதாரா?”

“கண்ணாடியத் தொடச்சாரு.”

“நான் ஒண்டியா கெடந்தேன்னு நெனச்சிட்டிருந்தாரா.” அவள் மயில் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கால் சிரித்தாள். “நீ துவைச்ச லட்சணத்துக்கு ஒம்போது படம் வேற. கறையே போவல. நான்தான் அப்புறம் எடுத்துக் கொளுத்தினேன். சோப்பு பட்டு கை எரியுதுன்னு என் கட்டில்ல வந்து உக்காந்து அழுத. நான் உன் கைக்கு தேங்கா எண்ண தடவிக்கினு இருந்தேன்.”

ஃபாயிசாவுக்கு அது மறந்தே போயிருந்தது.

“புக்க நிறுத்தச் சொல்லிட்டேன் க்கா. நேத்தே.”

“என்கிட்ட இத சொல்றதுக்கு முன்னாடியா?”

“ம்.”

“ஏன், சொன்னதுக்கு அப்புறம் நிறுத்துனா ஆவாதா?”

அக்கா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீ ஒரு மாதிரிடி” என்று சொல்லிவிட்டு, கேரியரை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். ரோட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பில் நேராக நடந்தாள்.

ஃபாயிசா ஜன்னலில் நின்றாள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அக்காவின் கறுப்பு சிறுத்துக்கொண்டே போய், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா ஏதோ சொன்னாள். தலை அசைவது மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவர்கள் இருவர் பேசுவதையும் இவள்தான் எழுதினாள். இன்று காற்று அந்தப் பக்கமாக அடித்தது, ஒரு சத்தமும் இங்கே வரவில்லை. அக்கா மறுபடியும் பேசினாள். பிறகு கேரியரை அவர் நிற்கும் பக்கம் வைக்காமல், தனக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, பாத்தியைப் பார்த்து வரப்பில் உட்கார்ந்தாள்.

அவர் வெகுநேரம் நின்றார். அப்புறம் ஒரு கையைத் தரையில் ஊன்றி, வலிக்கும் காலை முன்னால் நீட்டி, மெதுவாக இறங்கி அவரும் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. யாரும் நகர்ந்து அதை நிரப்பவில்லை. கீழே பாத்தித் தண்ணீரில் அக்கா, அந்த இடைவெளி, அவர் மூன்றும் தலைகீழாக, அசையாமல் தெரிந்தன.