நடுக்கட்டம்

"திரும்பிப் பாக்காத, நேரா நட" என்று சொல்லி, பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கிருஷ்ணவேணியின் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஏழு மாத வயிற்றுக்காரி பிணம் கிடக்கும் வீட்டில் நிற்கக் கூடாது. கிணற்றடியைத் தாண்டினால் செல்லியம்மாளின் சமையலறை. அங்கே ஒரு பலகையைப் போட்டு அவளை உட்கார வைத்துவிட்டு, பிணத்தைக் குளிப்பாட்ட ஓடினாள்.

கிருஷ்ணவேணி முந்தானைக்குள்ளிருந்து ஒரு துணிச் சுருளை வெளியே எடுத்தாள். அங்கேயே விட்டிருந்தால் செத்தவளின் துணிமணிகளோடு சேர்த்து வண்ணானுக்கு மூட்டை கட்டியிருப்பார்கள்.

செத்தவள் அவள் நாத்தனார் கமலாட்சி. காலையில் ராட்டினத்தில் தறி நாடாவுக்கான தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள். கிருஷ்ணவேணி சொம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். ராட்டினம் இன்னும் அரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது. தம்பி அர்ஜுனன், கிருஷ்ணவேணியின் புருஷன், தறிக்குழியிலிருந்து ஏறி வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சுருளைப் பிரித்து மடியில் விரித்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கான போர்வை. மேல்துணி மட்டும் தைத்தாகியிருந்தது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில்கழுத்து என்று வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, பழம்புடவைக் கட்டங்கள். கிருஷ்ணவேணிக்கு இதற்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கும் வீடுகளாகப் பார்த்துத் துணி வாங்கித் தைத்துப் போர்த்தினால் தங்கும் என்று யாரோ சொன்னார்கள். கமலாட்சி அதற்காகத் தாமல் கிராமம் வரைக்கும் நடந்தாள். வெளியில் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காத ரோஷக்காரி, வாசல் வாசலாக நின்று துணி கேட்டாள்.

இருபத்து நாலு கட்டம் இருந்தது. நடுக்கட்டம் இல்லை. அந்த ஓட்டை வழியாகக் கிருஷ்ணவேணியின் புடவை தெரிந்தது.

அந்த இடத்தில் அரக்குப் பட்டு ஒன்று இருந்தது. கமலாட்சியின் முகூர்த்தப் புடவையில் வெட்டியது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் தாலியறுத்து, மூன்று முழத் தகரப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். பத்து நாளைக்கு முன்னால் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது கிருஷ்ணவேணி அதைப் பார்த்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை புரண்டது. பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்தப் பயம் அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தது. தையலை ஒவ்வொன்றாக அறுத்துக் கட்டத்தை எடுத்து, தூக்கிப்போட மனசு வராமல் போர்வை மேலேயே வைத்தாள்.

கமலாட்சி வந்து பார்த்தாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "நானும் யோசிக்காம வெச்சிட்டேம்மா. வேற துண்டு பாக்கறேன். நீ மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பத்து நாளும் கிருஷ்ணவேணியால் சரியாகச் சோறு தின்ன முடியவில்லை. செய்தது தப்பு என்று நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே தள்ளிக்கொண்டு வந்தாள்.

செல்லியம்மாள் ஈரப் புடவையோடு கிணற்றடியிலிருந்து வந்தாள்.

"பொட்டியத் தொறந்தோம். முகூர்த்தப் பொடவ இருக்குது, மடிப்புகூடக் கலையல. ஓரத்துல சதுரமா ஒரு துண்டு காணோம். எலி கடிச்சிருக்கும்னு சொல்லிக்கினு இருக்காளுங்க. எந்த எலி அளவு வெச்சிக் கடிக்கும்?"

கிருஷ்ணவேணி போர்வையை மடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இடுப்புச் சுருக்குப் பையில இது இருந்திச்சி" என்று செல்லியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்தயும் மூட்டையில போடுன்னாங்க. நல்ல ஊசியா இருக்குதேன்னு நான்தான் எடுத்துக்கினு வந்தேன்." விரலைத் திறந்து காட்டினாள். நாலாக மடித்த அரக்குப் பட்டில் ஊசி குத்தியிருந்தது.

"அத எங்கிட்ட குடுக்கா."

"தீட்டுத் துணிம்மா. நீ தொடலாமா?"

"அது என் பிள்ளைக்கு வெச்சது. நான்தான் பிரிச்சேன்."

செல்லியம்மாள் அவள் மடியிலிருந்த போர்வையையும் நடு ஓட்டையையும் பார்த்தாள். பட்டைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள். தன் தையல் பெட்டியைத் துழாவி நூல் எடுத்து ஊசியில் கோத்தும் தந்தாள்.

"எடுக்கப் போறாங்க. தல நிமிராத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சங்கு ஊதினார்கள். அர்ஜுனன் "அக்கா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டது சுவரைத் தாண்டி வந்தது. கிருஷ்ணவேணிக்குக் கண்ணை நீர் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஈரக் கட்டத்தை நடுவில் வைத்துப் பொருத்தினாள்.

பட்டில் ஊசி இறங்கிய இடம் மூடிக்கொள்வதில்லை. கட்டத்தின் நாலு ஓரத்திலும் கமலாட்சி தைத்த துளைகள் பொடிப்பொடியாக வரிசை கலையாமல் இருந்தன. மேளச் சத்தம் தெருமுனை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவள் தலை நிமிராமல் முதல் துளையில் ஊசியை விட்டு இழுத்தாள். பிறகு அடுத்த துளையில்.