பிரேக்கில் நின்ற காற்று

...இன்னும் உள்ளே காற்று இருக்கிறது, இல்லையென்றால் பெடல் இப்படிப் பஞ்சு மாதிரி இறங்காது, ஆனால் எங்கேதான் நிற்கிறது அந்தக் காற்று, ஒரு போத்தல் பிரேக் ஆயில் முழுக்க வெளியே வந்தாயிற்றே என்று யோசித்தபடி இம்ரான் சக்கரம் கழற்றிய காரின் முன்னால் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தான், உள்ளே ஓட்டுகிறவர் இருக்கையில் அவன் மனைவி ஃபஸீலா பெடலில் காலை வைத்துக் காத்திருந்தாள். அமுக்கு, புடிச்சுக்க, இப்ப விடு... மத்தியானத்திலிருந்து இந்த மூன்றைத் தவிர அவளிடம் வேறு என்ன பேசினோம்? பதினெட்டு வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர்தான் உட்காரலாம், முன்பக்கத்து ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே ஒழுங்காக மாட்டியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், அதில் ஒரு குறையுமில்லை, இந்த பிரேக்தான். நாளைக் காலையில் ஃபஸீலா தானே இதை ஓட்டிக்கொண்டு தெம்பனிஸில் உம்மா வீட்டுக்குப் போகப் போகிறாள், உம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது முன்னால் ஒரு லாரி நின்றால்... வேண்டாம், அதை நினைக்கவே வேண்டாம். ஐந்து மணிக்குப் பட்டறைச் சாவியை நண்பன் முத்துராமனிடம் திருப்பித் தர வேண்டும், நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கிற தன் ஈசூன் பட்டறையைக் கேட்டவுடனே கொடுத்தான், பெண்பிள்ளை வருகிறதே என்று மின்விசிறியைக்கூடத் துடைத்து வைத்திருந்தான், அந்த அளவுக்கு யோசிக்கத் தோன்றியிருக்கிறது அவனுக்கு.

“ஒழுங்கா அமுக்குறியா இல்லயா?” இம்ரான் கத்திவிட்டான். “அமுக்கிட்டுத்தானே இருக்கேன் மச்சான்.” “போனைப் பாத்துக்கிட்டே அமுக்குனா காத்து எப்படிப் போவும்?” “போன் பையில கெடக்கு. வேணும்னா நீங்க மேல வாங்க, நான் கீழ போறேன் லா.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இவனை என்னவோ செய்தது. தேக்காவில் இவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேற்று வந்தவர் இது தெளிவா, அது தெளிவா என்று இருபது தடவை வில்லையை மாற்றிக் காட்டியும் முடிவு சொல்லவில்லை, ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லையே இவன், பரவாயில்லங்க, நிதானமாப் பாருங்க என்றானே. முன்பின் தெரியாதவருக்கு இருபது தடவை, இவளுக்கு அதற்குள்ளேயே கத்தலா? எந்தத் தொழுகை இதைச் சரிசெய்யும்? அந்தக் கூச்சத்தில் தலையைக் குனிந்தவனின் கண், அவள் அமுக்கும்போதெல்லாம் இவன் திறந்து மூடுகிற திருகின் மேல் போய் நின்றது, ஆயில் சொட்டுச் சொட்டாக அடியிலிருந்து விழுந்தது, அடியிலிருந்து... காற்று மேலேதானே போகும்? அதை வெளியே விடுகிற திருகு கீழே இருந்தால் ஆயில்தான் வரும், காற்று தலைமாட்டிலேயே சுகமாக உட்கார்ந்திருக்கும், எத்தனை போத்தல் ஊற்றினாலும். எழுந்து அடுத்த பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் கீழேதான். பிரேக் கட்டையை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் இரண்டும் பக்கம் மாறியிருந்தன, இடதுடையது வலப்பக்கம், வலதுடையது இடப்பக்கம். மாற்றிப் போட செகண்ட்ஹேண்டில் வாங்கிய இந்த இரண்டுக்கும் போன வாரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் சிவப்புச் சாயம் அடித்தது யார், சக்கரத்துக்கு நடுவே எடுப்பாகத் தெரியட்டும் என்று, எந்தப் பக்கம் எது என்று பொறித்திருந்த எழுத்தின் மேலேயே பூசி மூடியது யார்?

திருகு பழசு, கழற்றி மாட்டுகிறேன் என்று சொன்னால் போதும், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது... ஆனால் சரியாக அமுக்கவில்லை என்ற பழி அவள் மேலேயே கிடக்குமே, இரண்டு தோளிலும் இருந்து நன்மை தீமையை எழுதுகிற வானவர்களின் ஏட்டுக்குமா சாயம் பூச முடியும்? ஜன்னல் பக்கம் போய் நின்றான். “ஃபஸீலா, தப்பு என்னோடது. ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். ஒன் மேல கத்துனது... மன்னிச்சுக்க.” அவள் காலை எடுத்துக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள். “கண்ணாடிக்கடை மொதலாளிக்கு எடது வலது தெரியலயா? பாவம், தேக்கா சனங்க.” சிரித்தாள், இவனும் சிரித்துவிட்டான், இவ்வளவு எளிதாகவா முடிந்துவிட்டது என்று நெஞ்சு லேசாகிற நேரத்தில் அவள் இறங்கி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, “பழசக் கழட்டுறப்ப அந்தத் திருகு மேல இருந்துச்சு. நீங்க கீழ வர்ற மாதிரி மாட்டுறதப் பாத்தேன்” என்றாள். “அப்பவே சொல்லியிருக்கலாமே?” “அப்ப மூஞ்சி சரியில்ல ஒங்களுக்கு. நாளைக்கு வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன் மச்சான்.”

பக்கம் மாற்றி மாட்டினார்கள், அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள், இந்தத் தடவை மேலே பார்த்து நின்ற திருகிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது, வந்து நின்றது, “கல்லாட்டம் இருக்கு” என்றாள் உள்ளேயிருந்து, பெடல் இறங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், நாளைக்குப் பயமில்லை. சொல்லித்தான் இருப்பாள், உம்மாவை ஏற்றுகிற வண்டி, நிச்சயம் சொல்லியிருப்பாள்... ஆனால் இவன் முகம் சரியாகட்டும் என்று அவள் காத்திருந்தது இன்றைக்கு மட்டும்தானா? பதினோரு வருஷத்தில் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் எடுத்து வைத்தவை எத்தனை, அவற்றில் சொல்லாமலே போனவை எவை? கேட்க வாயெடுத்தான். பதில் வந்தால், கத்தாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கத் தன்னால் முடியுமா என்பது அவனுக்கே தெரியவில்லை.