இரு நிற மாத்திரை

திருமலைராயன்பட்டினத்து நூகும் அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸும் ஒரே சஹனில், அந்தப் பெரிய வட்டத் தட்டில், சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். வளைகுடாவில் கழிந்த வருடங்கள் போக, மீன் துண்டைப் பிட்டுப் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளாமல் நூகு முதல் கவளத்தை எடுத்ததே இல்லை. அந்தப் பழக்கம் மாத்திரை வரைக்கும் நீண்டதுதான் வினையாயிற்று.

இருவருக்குமே சர்க்கரை. நூகின் இதயம் தளர்ந்துவிடும் அபாயம் இருப்பதைக் கண்ட காரைக்கால் டாக்டர், இரண்டு மருந்துகளை ஒன்றாய் அழுத்திய மாத்திரையை எழுதிக்கொடுத்தார். வெள்ளைப் பக்கம் சர்க்கரைக்கு, சிவப்புப் பக்கம் நெஞ்சைக் காப்பதற்கு.

மாடியேறிய ஜன்னத்துக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்த அன்று, நிறங்கள் சேரும் கோட்டில் நூகு பிளேடை வைத்தார்.

"இந்தா புள்ள, நெஞ்சுக்குள்ளது ஒனக்கு."

"அப்ப ஒங்களுக்கு, மச்சான்?"

"எனக்கென்ன? கப்பலாட்டம் இருக்கேன்."

"ஆமா, தரதட்டுன கப்பல்" என்று சிரித்துக்கொண்டே அவள் விழுங்கினாள்.

தினமும் இந்தப் பங்கு தொடர, தன் மூச்சு இலேசானதாகவே அவளுக்குப் பட்டது. ஆனால் நூகின் கணுக்கால்கள் உப்பின. செருப்பு வார் பதிந்த பள்ளம் பொழுது சாய்ந்தும் மறையவில்லை. பகல் தூக்கத்துக்கு ஒரு தலையணை போதாமல் இரண்டாயிற்று. பிறகு சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தார். வெயில் என்றார், வாயு என்றார்.

"இனிமே முழுசையும் நீங்களே போடுங்க" என்று அவள் மன்றாடினாள்.

"நீ போடாட்டி எனக்கும் வேணாம்." சொன்னதைச் செய்கிற மனிதர். பயந்துபோய் அவள் சிவப்புப் பாதியை மறுபடியும் வாங்கிக்கொண்டாள்.

அஸர் தொழப் போனவர் பாதி வழியிலேயே திரும்பி வந்த அன்று, அவருக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"அவருக்குத்தானேம்மா அத எழுதுனேன்! மாத்திரைய வெட்டலாமா? படுத்தா மூச்சு முட்டுதா? இப்பவே கூட்டிட்டு வாங்க. நீங்களும் வந்து காட்டுங்க."

ஆட்டோ வாசலுக்கு வந்தது.

"நீயும் காட்டுறதா இருந்தாத்தான் வருவேன்" என்றார் நூகு.

"காட்டுறேன், எந்திரிங்க மச்சான்."

எழுந்தார். இரண்டாவது பொத்தானில் கை நின்றது. "செத்த இரு" என்றவர் மீண்டும் அமர்ந்துவிட்டார். அடுத்த சொல்லுக்கு மூச்சு எட்டவில்லை. வெளியே ஹாரன் ஒலித்தது. ஜன்னத் அவர் முதுகைத் தாங்கினாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே, பாதி நிறைந்த குடம் அலம்புவதைப் போல நெஞ்சுக்குள் நீர் களகளத்தது.