ஃபோல்டருக்கு அடியில்

காலையில் எடுத்த தலை ஸ்கேனைக் காணோம் என்று போன் வந்ததும் அவள் ஸ்கேன் அறைக்கு ஓடினாள். ஏழு வயதுக் குழந்தை, மாடியிலிருந்து விழுந்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் திரையைத் திறந்தால் ஒன்றுமே இல்லையாம்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. ஸ்கேன் அறையின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர், நெட்வொர்க் வழியாகக் எல்லாப் படங்களும் போய்ச் சேரும் கீழ்த்தளத்து சர்வரோடு இணைந்திருக்கும். அப்படி இணைப்பதை மவுண்ட் என்பார்கள். காலையில் கரண்ட் போய் வந்ததில் அது அறுந்துவிட்டது. எட்டரைக்கு மறுபடி மவுண்ட் செய்துவிட்டு, மகாராணி மாதிரி காபி குடிக்கப் போய்விட்டாள்.

"அண்ணே, எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"எட்டேகால்மா. சர்வருக்குப் போயிடுச்சுன்னு காட்டுச்சே!" என்றார் ஸ்கேன் எடுப்பவர். "மெஷின்லயும் அழிச்சிட்டேன்."

இணைப்பு இல்லாவிட்டாலும் ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும். படங்கள் சர்வருக்குப் போகாமல் அதிலேயே விழுந்திருக்கும். எட்டரைக்கு மவுண்ட் செய்து அதன்மேல் சர்வரை விரித்து மூடியவள் அவளேதான். இனி சர்வரில் உள்ளதுதான் தெரியும், அடியில் விழுந்தது தெரியாது. அடியில் இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால்?

இணைப்பை எடுக்கக் கட்டளை அடித்தாள். முடியாது, யாரோ ஃபோல்டரைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது கம்ப்யூட்டர்.

"திறந்திருக்கறதையெல்லாம் மூடுங்கண்ணே!"

"மூடிட்டேம்மா, சத்தியமா!"

போனில் டாக்டர் கத்தினார். "குழந்தையைப் படுக்க வச்சாச்சும்மா. படம் வருமா, வராதா?"

பிடித்திருப்பது யார் என்று தேடினாள். ஒரே ஒரு பெயர் வந்தது, அவளுடையது. எட்டரைக்கு ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தவள், கட்டளை அடிக்கும் டெர்மினலை மூடாமலே காபிக்கு ஓடியிருந்தாள். நல்ல லட்சணம்!

மூடினாள். மறுபடி அடித்தாள். இணைப்பு விலகியது, குழந்தையின் படங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே தியேட்டருக்கு அனுப்பினாள். "வந்துடுச்சு" என்று டாக்டர் போனை வைத்தார்.

அப்போதுதான் அதற்குக் கீழே இன்னொருவரின் படங்கள் கண்ணில் பட்டன. போன மாதத் தேதி. அன்றும் கரண்ட் போனது, அன்றும் மவுண்ட் செய்தவள் அவள்தான்.

ஸ்கேன் எடுப்பவர் எட்டிப் பெயரைப் பார்த்தார். "இவரா? படம் சேவ் ஆகல, இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிட்டோம்மா. அப்புறம் வரவே இல்ல."

படத்தைத் திறந்தாள். ஸ்கேன் பார்க்கத் தெரியாத அவளுக்கே மூளைக்குள் ஒரு வெள்ளைக் கட்டி தெரிந்தது. நம்பரைத் தேடி அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பாவா? தூங்கறாருங்க. ரெண்டு நாளா எழுப்பினாலும் சரியா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரிங்க" என்றாள். "தப்பு எங்களோடது. வண்டி அனுப்பறேன், அட்ரஸ் சொல்லுங்க."